இரண்டரை மணி நேரம்

ஜூலை 20, ஞாயிறு

செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டைக் காலி செய்து பழைய கம்ப்யூட்டரை ஏற்றி வைத்தாயிற்று. ரூட்டர் அங்கேதான் இருக்கிறது, வயர் எட்ட வேண்டுமே. பூங்கோதை பார்த்துவிட்டு, வருகிறவர்கள் செருப்பை எங்கே கழற்றுவார்கள் என்று கேட்டாள். வாசலில் என்றேன். நாய் தூக்கிக்கொண்டு போனால் நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும் என்றாள். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் நான் ஆரம்பித்த எந்த வேலைக்கும் என் மனைவி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

வேலை இதுதான். எங்கள் பாலிடெக்னிக்கில் 2007இல் முடித்த மெக்கானிக்கல் செட், பதினெட்டு வருஷம் கழித்து ஆகஸ்ட் 17 அன்று திருநெல்வேலியில் கூடுகிறோம். ஏற்பாடு குணசிங். அப்போது வகுப்புத் தலைவன், இப்போது வாட்ஸ்அப் குழுத் தலைவன், நாற்காலி மட்டும் மாறவில்லை. பழைய போட்டோக்களை ஒரு இடத்தில் சேர்க்க யார் தயார் என்று அவன் கேட்டதும், நாக்கைக் கட்டிவைக்கத் தெரியாமல் நான் என்று சொல்லிவிட்டேன். இலவச இணையதளம் எதிலும் வேண்டாம், என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கேலரி போடுகிறேன், லிங்க்கைத் தட்டினால் எல்லோருக்கும் திறக்கும் என்றேன். முப்பத்திரண்டு கைதட்டல் பொம்மை வந்தது. அந்தக் கைகளில் ஒன்றுகூட உதவிக்கு வராது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 22, செவ்வாய்

வந்த படங்கள் 1,912. எங்கள் செட்டைப் பற்றியவை 340. மிச்சமெல்லாம் ரோஜாப்பூவோடு காலை வணக்கம், யாருடைய கொழுந்தியாளுக்கோ வளைகாப்பு, ஒரு மாட்டின் புகைப்படம் (மூன்று தடவை). நம் செட் போட்டோ மட்டும் அனுப்புங்கப்பா என்று கெஞ்சினேன். அதற்குப் பதிலாக இன்னொரு மாடு வந்தது.

கேலரிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஃபோல்டர் பெயர் வருஷம், மாதம், தேதி, அப்புறம் நிகழ்ச்சி என்று இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் படங்களை, ஃபைலில் பதிந்திருக்கும் நேரத்தைப் பார்த்து அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும். வாட்ஸ்அப் வழியாக வந்தால் அந்த நேரம் அழிந்துபோகும். ஆகையால் எங்கள் முதல் வருஷ வரவேற்பு விழா, கேலரியின் கணக்கில் நேற்று சாயங்காலம் நடந்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கையால் மாற்றுகிறேன். ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அதற்கு ஒரு எழுத்துரு தேடிப் போட்டு, அது வேறு எதையோ கெடுத்து, இரவுச் சாப்பாடு ஆறிப்போனது.

ஜூலை 24, வியாழன்

பாதி வேலை முடிந்த தைரியத்தில் லிங்க்கைக் குழுவில் போட்டேன். நாலு பேர் பார்த்தார்கள். பூங்கோதை வீடு பெருக்கும்போது ரூட்டர் வயர் ஒருமுறை கழன்றது, திரும்ப மாட்டினாள். அவ்வளவுதான், ரூட்டருக்கு முகவரி மாறிவிட்டது, லிங்க் செத்தது. "பதினெட்டு வருஷம் ஆனாலும் செந்தா செந்தாதான்" என்று ஒருவன் எழுதினான். என் முழுப்பெயர் செந்தாமரைக்கண்ணன். ஆழ்வார்திருநகரிக்காரன். அந்தப் பெயரை முழுதாகச் சொன்னவன் எங்கள் வகுப்பில் ஒருவன்தான்.

முகவரி மாறினாலும் லிங்க் மாறாமலிருக்க ஒரு வழி உண்டாம். மூன்று மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். இப்போது திறக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

உதுமானிடமிருந்து கூரியர். எங்கள் செட்டில் டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான், அவனுடைய சாச்சா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கடைசி வருஷத்தில் விழா என்றால் அந்தக் கேமரா என் கழுத்தில்தான் தொங்கும். காயல்பட்டினத்து வீட்டுப் பரணிலிருந்து தேடி எடுத்து, அசல் படங்களை அனுப்பியிருக்கிறான். எதில்? சி.டி.யில். இந்தக் காலத்தில் சி.டி. போடும் கம்ப்யூட்டர் யார் வீட்டில் இருக்கிறது? இங்கே ஓசூர் முழுக்க அலைந்து, ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, அவருடைய பழைய மிஷினில் பென்டிரைவுக்கு மாற்றினேன்.

ஃபோல்டர்களின் பெயர்: நியூ. நியூ நியூ. நியூ லாஸ்ட். நியூ லாஸ்ட் ஒரிஜினல். இவன் இப்போது சென்னையில் மூன்று கடை நடத்துகிறான், எப்படி நடத்துகிறான் என்று தெரியவில்லை.

611 படங்கள். கன்னியாகுமரி டூர், குடியரசு தினம், பட்டறை, ஹாஸ்டல் டே. ஹாஸ்டல் டேயைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 28, திங்கள்

குழுவில் யாரோ, லூயிஸ் நம்பர் இருக்கா, அவனையும் கூப்பிடணும்ல என்று கேட்டிருந்தார்கள். யாரும் பதில் போடவில்லை. நான் டூர் படங்களைத் திருப்பி நிமிர்த்திக்கொண்டிருந்தேன், பாதிப் படம் படுத்துக்கிடந்தது.

ஜூலை 30, புதன்

இந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும், விஷயத்தை எழுதிவைக்கிறேன்.

மரியலூயிஸ் தூத்துக்குடிக்காரன். அப்பா படகில் போகிறவர். எங்கள் பட்டறையில் மாணவர் பொறுப்பு அவனுக்கு, லேத்தின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லுவான். 2007 பிப்ரவரி 17, ஹாஸ்டல் டே. பெற்றோர் பார்ப்பதற்காகப் பட்டறையை எட்டு மணி வரை திறந்து வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு மைதானத்தில் திரை கட்டிப் படம் போட்டார்கள், அத்தனை பேரும் அங்கே. மறுநாள் காலையில் பட்டறை ஸ்டோரில் புது மைக்ரோமீட்டர் மூன்றைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவியை எட்டு மணிக்கே கொக்கியில் மாட்டிவிட்டேன் என்றான் லூயிஸ். கொக்கியில் அதை நான் காலையில்தான் பார்த்தேன் என்றார் ஸ்டோர்கீப்பர்.

ஹாஸ்டல் டே படங்களைப் பிரின்ட் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினவன் நான். இருபத்திநாலு படம். இடம் போதாததால் சீட்டுக்கட்டை விரித்ததுபோல, ஒன்றின் ஓரத்தின் மேல் அடுத்ததை ஏற்றி ஒட்டினேன். மூலையில் கேமரா அடிக்கும் ஆரஞ்சு எழுத்து தேதியும் நேரமும் எல்லாப் படத்திலும் அடுத்த படத்துக்குக் கீழே மறைந்துபோனது. கடைசிப் படத்துக்கு மேல் ஏற்ற ஒன்றும் இல்லை. அது லூயிஸ் படம். லேத்துப் பக்கத்தில் தனியாக, சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறான். 21:42.

வார்டன் அந்தப் படத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். எட்டு மணிக்குச் சாவியை மாட்டினவன் ஒன்பதே முக்காலுக்கு எப்படிச் சாவியோடு நிற்கிறான் என்று கேட்டார்கள். பெற்றோர் இருந்தபோது எடுத்த படம் என்றான் லூயிஸ், மூலையில் இருந்த எழுத்தைத்தான் நம்பினார்கள், படம் எடுத்தவனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒரு வருஷம் நீக்கம். கடைசி செமஸ்டர் எழுதவில்லை. அதோடு போனவன், திரும்பிப் படிக்க வரவில்லை.

இதில் என் பங்கு படம் எடுத்ததும் ஒட்டியதும்தான்.

ஆகஸ்ட் 2, சனி

ஹாஸ்டல் டே ஃபோல்டரைத் திறந்தேன். இரண்டு பேர் எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. குணசிங்கின் செல்போனில் எடுத்த கலங்கல் படங்கள், உதுமானின் கேமராவில் நான் எடுத்தவை. கேலரி இரண்டையும் நேரப்படி கோத்துக் கொடுக்கிறது. கோத்த லட்சணம்: பிரியாணி சாப்பிடுகிறோம். சாப்பிட்டுக் கை கழுவுகிறோம். அதற்கு அப்புறம் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறோம். பரிசு வாங்கிக்கொண்டு இறங்கியவன், அடுத்த படத்தில் பரிசு வாங்க மேடைக்கு ஏறுகிறான்.

காலையிலிருந்து இதோடு போராடினேன். கேலரியைத் திட்டினேன், நிறுத்தி மறுபடி போட்டேன், எல்லா அட்டவணையையும் அழித்துப் புதிதாகக் கட்டவிட்டேன், அதற்கே நாலு மணி நேரம். திரும்பவும் பிரியாணி, திரும்பவும் தமிழ்த்தாய். கோளாறு கேலரியில் இல்லை, கேமராவில்.

குடியரசு தினத்தைப் பார்த்தேன். எட்டு மணிக்கு ஏற்றிய கொடியைக் கேமரா பத்தரை என்கிறது. கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள் இறங்குகிற படத்தில் மணி இரவு எட்டு ஐம்பது. எல்லாவற்றுக்கும் ஒரே வித்தியாசம். இரண்டரை மணி நேரம்.

பழைய கேமரா, கடிகாரம் வேகமாக ஓடியிருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடிகாரம் வேகமாக ஓடினால் நாளுக்கு நாள் வித்தியாசம் கூட வேண்டும். தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டுகிறவன் இதை எழுதியிருக்கக் கூடாது. நேற்று எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

உதுமானுக்குப் போன் போட்டு, கேமராவில் நேரம் ஏன் இப்படி என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன். சிரித்தான்.

"சிங்கப்பூர் டைம்டா அது. சாச்சா வச்சதை யாரு மாத்துனா? ஹாஸ்டல் டே அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல உன்கிட்ட கேமராவைக் கொடுக்கும்போதே சொன்னேனே. நீதான் அதை வார்டன்கிட்டயும் சொன்ன, மனுஷன் கேக்கல."

ஆமாம் ஆமாம் என்றேன். கடை எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். நன்றாகப் போகிறதாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்தக் கேமராவின் 611 படங்களுக்கும் இரண்டரை மணி நேரத்தைக் குறைக்க ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். அடித்தேன். பதினோரு விநாடி.

ஹாஸ்டல் டே இப்போது ஒழுங்காக இருக்கிறது. முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் வரவேற்பு, பரிசு, பட்டறை, பிரியாணி. லூயிஸ் படம் சாப்பாட்டுக்குப் பின்னாலிருந்து ஏறி வந்து, பட்டறையில் பெற்றோர்கள் நிற்கும் படங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த படம் ஒரு நிமிஷம் கழித்து குணசிங் செல்போனில் எடுத்தது, அதில் குணசிங்கின் அம்மா லேத்தைத் தொட்டுப் பார்க்கிறார், ஓரத்தில் லூயிஸின் தோள் தெரிகிறது. அவன் தனியாகவே இல்லை. நான்தான் கிட்டே போய், அவனை மட்டும் எடுத்திருக்கிறேன்.

ஃபைலில் 19:12 ஆகிவிட்டது. படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்து அப்படியே 21:42 என்றுதான் நிற்கிறது. அது படத்தோடு சேர்ந்து பதிந்தது, எந்தக் கட்டளைக்கும் மாறாது. அந்த மூலையை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டிப் பார்த்தேன். பிறகு வெட்டாததையே திரும்ப வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

குணசிங்குக்குச் சொன்னேன். கேமரா நேரம் தப்பு, லூயிஸ் சாவியோடு நின்றது ஏழு மணி சுமாருக்கு, அவன் சொன்னது நிஜம் என்று. விழாவுக்குத் தலைமை தாங்க வருகிறவரே அந்த வார்டன்தான், எழுபத்தாறு வயசு, இதய ஆபரேஷன் செய்தவர், இப்போது போய் இதைக் கிளறாதே என்றான். அந்தப் படத்தைக் கேலரியிலிருந்து எடுத்துவிடு, நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் போனை வைத்ததும் மனசு லேசானதும் உண்மை. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை.

படத்தை எடுக்கவில்லை. சரி என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

லூயிஸின் நம்பர் உதுமானிடம் இருந்திருக்கிறது, இத்தனை வருஷமும். பேசிக்கொண்டும் இருக்கிறான். வாங்கினேன். காலை பத்து மணிக்கு அடிக்கலாம் என்று நினைத்து, கடைக்குப் போய் வந்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, ஃபேன் துடைத்து, நாலு மணிக்கு அடித்தேன்.

பேர் சொல்லுமுன் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். "செந்தாமரைக்கண்ணனா?" என்றான், முழுசாக. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். ஒரே மகள், பத்தாவது படிக்கிறாள். அப்பா நாலு வருஷம் முன்பு தவறிவிட்டார். நான் கேமரா விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"உதுமான் எல்லாம் சொன்னாம்டே, அந்தச் சிங்கப்பூர் டைமு கதை. நாப்பது பேருல நீ ஒருத்தன்தான் வார்டன் ரூமுக்குப் போயி எனக்காவப் பேசிருக்க. ஒரு தடவையாச்சும் உன்னைப் பாத்துச் சொல்லணும்னு கெடந்தேன்."

நான் ஏதோ சொன்னேன். பரவாயில்லை என்று சொன்னதாக ஞாபகம். பரவாயில்லை என்று.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

நான் வார்டனிடம் சொல்லவில்லை. அவர் அறைவரைகூடப் போகவில்லை. அக்காவின் நிக்காஹுக்கு ஊருக்குப் போகிற வழியில் உதுமான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூலையில் வரும் டைமை நம்பாதே, இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுது என்றான். வார்டன் படத்தைக் கிழித்த அன்றே எனக்குக் கணக்குத் தெரியும். இருபத்தொன்று நாற்பத்திரண்டில் இரண்டரை போனால் என்ன என்று கேட்க எனக்குக் கட்டளை எதுவும் தேவைப்படவில்லை. பத்து நாள் கழித்து உதுமான் திரும்பி வந்தபோது லூயிஸ் இல்லை. வார்டன்கிட்ட சொன்னியா என்று கேட்டான். சொன்னேன், கேட்கவில்லை என்றேன். அந்த ஒரு பொய் பதினெட்டு வருஷம் நடந்து தூத்துக்குடி போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஏன் என்றால், ஓசூர் கம்பெனி எங்களில் இரண்டு பேரைத்தான் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. பட்டியலில் குணசிங் முதல், லூயிஸ் இரண்டாவது, நான் மூன்றாவது. குணசிங் இரண்டு வருஷத்தில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான். நான் இன்னும் அதே கம்பெனியில் இருக்கிறேன். தினமும் காலையில் போய் முதலில் கையில் எடுப்பது மைக்ரோமீட்டர்.

வேண்டுமென்றே திட்டம் போட்டுச் செய்யவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று நாள் போனது. மூன்று நாளில் விசாரணை முடிந்தது. அவனுடைய அப்பா வந்து வராந்தாவில் நின்றார், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, யாரிடம் பேசுவது என்று தெரியாமல். என்னிடம்தான் ஆபீஸ் எது தம்பி என்று கேட்டார். காட்டினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேலையில் இன்று இரண்டு பீஸைத் தப்பாகப் பாஸ் செய்தேன். சூப்பர்வைசர் திட்டினார். வீட்டுக்கு வந்தால் கேலரியில் எல்லாப் படமும் கறுப்பாகத் தெரிகிறது. டிஸ்க்கில் இடம் போதவில்லையாம். அந்த மாட்டை மூன்று தடவை வைத்திருந்தது நான்தான். அழித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பூங்கோதையிடம் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ இந்த வேலை அவரோடதா?"

ஆமாம் என்றேன். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராத்திரி சாப்பிடும்போது, கிளம்பிப் போய்ட்டு வாங்க என்றாள். திருநெல்வேலிக்கா என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில், தூத்துக்குடிக்கு என்று புரிந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் குறிப்பு எழுத கேலரியில் இடம் இருக்கிறது. இத்தனை நாளில் எதற்கும் எழுதவில்லை. இன்று ஒன்றுக்கு எழுதினேன். காலை கொடியேற்றம் முடிந்து வந்து உட்கார்ந்து, மத்தியானம் வரை அடித்து அடித்து எழுதியது இது:

"மூலையில் தெரியும் 21:42 சிங்கப்பூர் நேரம். படம் எடுத்தது நம் நேரம் இரவு 7:12, பட்டறை திறந்திருந்தபோது. மரியலூயிஸ் சொன்னது உண்மை. கேமராவின் நேரம் தவறு என்று படம் எடுத்த எனக்கு அன்றே தெரியும். வார்டனிடம் சொன்னதாக உதுமானிடம் சொன்னது பொய். யாரிடமும் சொல்லவில்லை. லூயிஸுக்குக் கிடைக்க வேண்டிய வேலையில் நான் இருக்கிறேன். ஆ. செந்தாமரைக்கண்ணன்."

சேமித்தேன். ஹாஸ்டல் டே ஃபோல்டரைக் குழுவுக்கு இன்னும் திறந்துவிடவில்லை, அதன் லிங்க்கை நாளை மாலை நாலரைக்குத் தானாகப் போகும்படி வைத்திருக்கிறேன். அதற்குள் லூயிஸ் படித்துவிட வேண்டும். ராத்திரி பஸ். நேரில் போய் போனில் லிங்க்கைத் திறந்து அவன் கையில் கொடுப்பேன், அவன் படிக்கட்டும். என் வாயால் சொல்வதைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறேன். அதுதான் காரணம் என்று எழுதிவைக்கிறேன். உண்மையான காரணம் வேறு.

ஆகஸ்ட் 16, சனி

தூத்துக்குடி. லூயிஸின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்தேன். தலை நரைத்திருக்கிறது, சிரிப்பு அதேதான். கட்டிப்பிடிக்கக் கை எடுத்தவன், கையெல்லாம் ஆயில் என்று நிறுத்திக்கொண்டான். வீட்டில் மீன் குழம்பு, சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சு என்றான். பிறகு சாப்பிடலாம், முதலில் ஒரு படம் பார் என்று போனில் லிங்க்கைத் தட்டி அவனிடம் நீட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வாங்கி மறுபடி தட்டினேன். திறக்கவில்லை. பூங்கோதைக்கு அடித்தேன். மாதாந்திர மின்தடை, காலை ஒன்பதுக்குப் போனது, நாலு மணிக்குத்தான் வரும் என்றாள். நாலு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து கட்டிய கேலரி. அந்த ஒரு படத்தையாவது போனில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம், அந்தப் புத்தி இல்லை.

"சுத்திக்கிட்டே கெடக்கே. என்ன போட்டோடே, வாயால சொல்லேன்" என்றான் லூயிஸ்.

கடையில் வேறு யாரும் இல்லை. பிரித்த இன்ஜின் ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"நான் வார்டன்கிட்ட சொல்லல லூயிஸ். கேமரா டைம் தப்புன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். உதுமான்கிட்ட பொய் சொன்னேன்."

அவன் கையில் இருந்த நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்து, தட்டில் வைத்து, அடுத்ததை எடுத்தான். ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். நானே சொன்னேன், பட்டியலில் நான் மூன்றாவதாக இருந்தேன் என்று. ரெண்டாவது நான் என்றான், எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல. பிறகு எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவினான், ரொம்ப நேரம். திரும்பி வந்து நின்றான்.

"எங்கப்பா சாவுற வரைக்கும் உன் பேரைச் சொல்லுவாரு. அத்தன பயலுவள்ல அந்த ஒரு புள்ள பேசிருக்காம்லான்னு. அவருகிட்ட இனி ஒண்ணும் சொல்ல முடியாது." துண்டில் கையைத் துடைத்தான். "எம்மவளுக்கும் அதைத்தான் சொல்லி வளத்திருக்கேன். அஞ்சரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சி வருவா. அவகிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது."

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பேச்சு மறுபடி வரவில்லை. இன்ஜின் வேலையைப் பார்க்கிறான். மூன்றரைக்கு டீக்கடைக்காரர் வந்து இரண்டு டம்ளர் வைத்துவிட்டுப் போனார், லூயிஸ் சொல்லி அல்ல, கடையில் இரண்டு தலை தெரிந்தால் இரண்டு டீ. என்னுடையது ஆடை கட்டிக் கிடக்கிறது.

நாலரைக்குப் போன் அதிர ஆரம்பித்தது. ஓசூரில் கரண்ட் வந்துவிட்டது, லிங்க் தானாகப் போய்விட்டது. குழுவில் எழுபது செய்தி. குணசிங் ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறான். உதுமான் ஒரே ஒரு தடவை, பிறகு கூப்பிடவில்லை. நாளைக்கு வராதே என்று யாரோ எழுதியிருக்கிறார்கள், மேலே மட்டும் தெரிந்தது. திறந்து படிக்கவில்லை.

இப்போது கேலரி நன்றாகத் திறக்கிறது. அந்தப் படம், அதன் கீழே நான் எழுதிய குறிப்பு, ஒரு கட்டம்கூட இல்லாமல் தெளிவான தமிழில். அவள் வந்ததும் போனைக் கையில் கொடுத்துவிடலாம். லூயிஸ் தலை நிமிராமலே, "போனை உள்ள வை" என்றான். வைத்துவிட்டேன்.

பதினைந்து வயசுப் பிள்ளையிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூர் நேரம், மைக்ரோமீட்டர், மூன்று பேர் பட்டியல், எதுவும் முதலில் வரக்கூடாது. முதலில் என் பெயரைச் சொல்ல வேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

மணி ஐந்து இருபத்தாறு. தெருமுனையில் சைக்கிள்கள் திரும்புகின்றன.